ஒரு சந்தேகம், ஐயா

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரிகளில் ஒருவர்கூட டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போனதில்லை. சத்தம் போடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும், மரியாதை கூடும். சொத்தைப் பல் தொந்தரவுக்காகக் கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பார். அது நொறுங்குகிற சத்தம் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'நீங்க' போய் 'தாங்கள்' வந்துவிடும். "ஐயா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். ஐந்து நிமிஷத்தில் எதிரே இருப்பவர் நாற்காலியில் நெளியத் தொடங்குவார்.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷம் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பள்ளிக்கூடம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அங்கே மூடிக்கிடந்த நெல் கிட்டங்கி ஒன்றை அரசாங்கம் வாடகைக்குப் பிடித்து, பீடி சுற்றும் பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளி தொடங்கியது. பிள்ளைகளை இரண்டு வருஷத்தில் தேற்றி, வழக்கமான பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆசிரியர்கள் இரண்டே பேர். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுப்பாசிரியை. எனக்கு இருபத்தாறு, கணக்கு எடுப்பேன். இருவருக்கும் நிரந்தரம் கிடையாது. நாளைக்கு வராதே என்று சொன்னால் அதோடு சரி.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் திட்டுவார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திட்ட அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, சாதிவாரியாக எத்தனை, வயதுவாரியாக எத்தனை, எழுத்துக்கூட்டி வாசிப்போர் எத்தனை, தேறியோர் எத்தனை. கட்டம் கட்டமாக எண்களைப் போட்டு நிரப்பினால் போதும். பெயருக்கு இடமே இருக்காது. டீச்சருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எத்தனைன்னு கேக்காவ பாருங்க சார். பிள்ளையளா, கொய்யாப்பழமா?" என்பார். படிவத்தோடு தனியாக இரண்டு தாள் வைத்து நாற்பத்தாறு பேருடைய பெயரையும் எழுதித் தைத்து அனுப்புவார். எந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், எவளுக்குக் கண் தெரியவில்லை, எவளுடைய அப்பா கேரளாவுக்குப் போய் மூன்று வருஷமாகத் தகவல் இல்லை, எல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிவத்தை மட்டும் கோப்பில் சேர்ப்பார்கள். அவருக்கும் அது தெரியும். அடுத்த தடவையும் எழுதுவார்.

நாற்பத்தாறு பேரில் நாற்பது பேர் பெண் பிள்ளைகள். ஏன் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. பையனை எப்பாடு பட்டாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்து, பீடி இலையை வெட்டித் தூளை நிரப்பிச் சுருட்ட வீட்டில் இருப்பவள் பெண் பிள்ளைதான். ஆற்றங்கரைத் தெருக்களில் இருந்தும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் இருந்தும், பள்ளிவாசல் தெருவில் இருந்தும் வந்தார்கள். வேறு எதிலும் ஒட்டாத மூன்று தெருப் பிள்ளைகளுக்கும் விரல் நுனி மட்டும் ஒரே நிறத்தில் இருந்தது.

படிவத்தில் 'தற்போது செய்யும் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டீச்சர், 'காலையில் பீடி, சாயங்காலம் பீடி, நடுவில் பள்ளிக்கூடம்' என்று எழுதினார். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியே மறுபடியும் அனுப்பினார். கடைசியில் அலுவலகத்திலேயே யாரோ அடித்துவிட்டு 'இல்லை' என்று திருத்திக்கொண்டார்கள். அந்த ஒரு கோட்டில் எங்கள் ஊரில் குழந்தைத் தொழில் ஒழிந்தது.

திட்ட அலுவலர் முதல் தடவை வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். வெள்ளைச் சட்டை கசங்காது. காப்பி வரவழைத்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "டீச்சருக்கு எந்தப் பக்கம்? அப்பா யாரு?" என்று பையச் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். எதற்குக் கேட்கிறார் என்பது சுவருக்கும் தெரியும்.

கிராம்பு நொறுங்கியது.

"ஐயா, ஒரு சந்தேகம். நான் இன்ன சாதின்னு தெரிஞ்சபிறகு தாங்கள் இந்தக் காப்பியைக் குடிப்பீங்களா, மாட்டீங்களா? ஆறிட்டிருக்கு. அதான் கேட்டேன்."

அவர் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அவர் பிள்ளைகளைச் சோதித்தார். பேச்சி என்று ஒரு பிள்ளை. பன்னிரண்டு வயது, குச்சி மாதிரி இருப்பாள், ஓயாமல் இருமுவாள். அவளை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். ஆறேழு நாற்பத்திரண்டில் தடுக்கி விழுந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதிகாரி சிரித்தபடியே குறிப்பேட்டில் 'கணக்கு: மிகவும் பின்தங்கிய நிலை' என்று எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணக்கு என் பாடம்.

"ஐயா, ஒரு சந்தேகம். இருபத்தஞ்சாம் வாய்ப்பாடு தாங்கள் சொல்லுவீங்களா?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?"

"ஏட்டி பேச்சி, பதினேழு கட்டுக்கு எத்தன பீடி?"

"நானூத்தி இருபத்தஞ்சு" என்றாள் பேச்சி.

"முப்பத்தாறு கட்டு?"

"தொள்ளாயிரம்."

"நாப்பத்துமூணு?"

"ஆயிரத்தி எழுபத்தஞ்சு டீச்சர்."

கட்டுக்கு இருபத்தைந்து பீடி. நாலு வயசில் இருந்து அந்தப் பிள்ளை எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் அதிகாரியின் குறிப்பேட்டைப் பார்த்து, "பின்தங்குனது யாருங்கிறத மட்டும் திருத்திருங்க ஐயா" என்றார். அவர் திருத்தவில்லை. கோப்பில் இன்றைக்கும் பேச்சி பின்தங்கியவள்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் என்னுடைய ஆத்திரம் எல்லாம் அவர் ஜீப் ஏறிப் போன பிறகுதான் வரும். டீச்சருடையது அவர் நாற்காலியில் இருக்கும்போதே வரும். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அது பெரிய வித்தியாசம் என்று பின்னால் தெரிந்தது.

டீச்சர் எல்லா நேரமும் சரியாகவே கோபப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை தப்பான ஆளிடம் கோபப்பட்டார். பேச்சி சேர்ந்தாற்போல் எட்டு நாள் வரவில்லை. டீச்சர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பேச்சியின் அம்மா வாசலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சி சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் நின்ற நிலையிலேயே பிடித்துக்கொண்டார். பெத்த பிள்ளைய இப்படியா, ஒனக்கு மனசாட்சி இருக்கா, இருமுதது ஒன் காதுல விழலையா என்று. அந்த அம்மாளிடம் 'தாங்கள்' எல்லாம் இல்லை. நீ, ஒனக்கு.

அந்த அம்மாள் சுற்றுவதை நிறுத்தினாள். எழுந்தாள். மடியில் இருந்த சுளவைத் தூக்கி டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள கட முதலாளிக்கு ஆயிரம் பீடி போவணும். இல்லன்னா நாளைக்கு இலை தர மாட்டாவ. நீங்க சுத்துங்க டீச்சரு. எம்பிள்ள பள்ளிக்கூடம் வரட்டும்."

நான் டீச்சரின் வாயைப் பார்த்தேன். கிராம்பு நொறுங்கவில்லை. அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து சுளவை மடியில் வைத்துக்கொண்டார். "எப்படின்னு காட்டு" என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து இருட்டும்வரை சுற்றினார். முதல் மூன்று நாள் அவர் சுற்றியதில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடையில் கழித்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள். தெருவே கூடிச் சிரித்தது. "டீச்சரம்மா சுத்துன பீடிய டீச்சரம்மாதான் குடிக்கணும்" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். தும்மித் தும்மிக் கண் சிவந்திருக்கும். பேச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அதற்குப் பிறகு எந்தத் தாய் மேலும் அவர் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் முதலில் இருந்தே கிடையாது. "கோவத்த எங்க எறக்கணும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது சார். நாற்காலி இருக்க எடத்துலதான் எறக்கணும்" என்று ஒருநாள் சொன்னார்.

நாற்காலி என்று அவர் அதிகமும் சொன்னது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரை. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசல் வளைவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் சிரத்தையாகப் பெயிண்ட் அடிப்பார்கள்.

எங்களிடம் தேறிய மூன்று பெண் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க டீச்சர் அங்கே கூட்டிக்கொண்டு போனார். இடமில்லை என்றார் தலைமையாசிரியர். இடம் இருக்கிறது என்று டீச்சர் வகுப்பையே காட்டினார். அப்புறம்தான் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. ஒங்க பிள்ளையள நான் கொற சொல்லல. ஆனா அதுக பத்தாங்கிளாஸ் வந்து தோத்துப்போச்சுன்னா ஸ்கூல் பேரு என்னாவும்? எத்தன வருஷப் பேரு!"

"ஐயா, ஒரு சந்தேகம். போன வருஷம் ஒன்பதாம் வகுப்புல தங்கள் பள்ளியில எழுபத்திரண்டு பேரு. இந்த வருஷம் பத்தாம் வகுப்புல ஐம்பத்தொண்ணு. நடுவுல இருபத்தோரு பேரு எங்க போனாங்க?"

அவர் முகம் மாறியது. "அதுகளா நின்னுட்டுது."

டீச்சர் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். இருபத்தோரு பெயர். இன்னார் மகள் இன்னாள், ஒன்பதாம் வகுப்பில் தோல்வி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இப்போது இன்ன தெருவில் பீடி சுற்றுகிறாள். இன்னார் மகன், திருப்பூர் பனியன் கம்பெனி. அவர் தெருத் தெருவாகப் போய்ச் சேகரித்த பெயர்கள் அவை. நான் அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேர்ச்சி விழுக்காடு என்ற வார்த்தையின் அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கியது. தோற்கக்கூடிய பிள்ளையைப் பரீட்சைக்கு முன்பே வெளியே தள்ளிவிட்டால் யாருமே தோற்க மாட்டார்கள். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகளின் தங்கைகள்தான் எங்கள் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாசல் வளைவைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும்போல் எனக்கு இருக்கும்.

மூன்று பிள்ளைகளோடும் டீச்சர் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காரவில்லை. அங்கேயே பாடம் நடத்தினார். ஐந்தாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷக் கடைசியில் திட்ட அலுவலர் வந்தார். குரலைத் தாழ்த்தி எங்கள் இருவரிடமும் சொன்னார். மாவட்டத்தில் குழந்தைத் தொழிலாளரே இல்லை என்று மேலிடத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் வழக்கமான பள்ளியில் சேர்த்தாயிற்று என்று படிவம் வந்த சிறப்புப் பள்ளிகளை வெற்றி என்று அறிவித்து மூடிவிடுவார்கள். ஆசிரியர்களுக்குப் பாராட்டு உண்டு. எங்கள் கட்டத்தில் நாற்பத்தாறு வர வேண்டும்.

உண்மையான எண் பதினொன்று. சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஊர்த் தொடக்கப் பள்ளியில், மூன்று பேர் அந்த உயர்நிலைப் பள்ளியில். மிச்சம் முப்பத்தைந்து பேரும் பதினொன்றில் இருந்து பதினான்கு வயதுக்குள் இருந்த பெரிய பிள்ளைகள். கிட்டங்கியை மூடினால் நேராகச் சுளவுக்குத்தான் போவார்கள்.

"பதினொண்ணுதான் ஐயா. நான் பதினொண்ணுன்னுதான் எழுதுவேன்" என்றார் டீச்சர். சந்தேகம் எதுவும் கேட்கவில்லை.

அதிகாரி ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். அன்றைக்கு டீச்சர் இல்லை. பேச்சிக்கு இருமலோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் அவளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அதிகாரிக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். என்னை ஜீப் பக்கம் அழைத்து, தோளில் கை போட்டார்.

"ஒம்ம எதிர்காலத்தப் பாரும்வே. அந்தம்மாவுக்குக் குடும்பமா குட்டியா? நீரு பி.எட். படிச்ச ஆளு. அடுத்த வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்கப்போறாவ. நல்ல அறிக்கை ஒண்ணு ஒம்ம பேருல இருந்தா நான் நாலு பேருட்ட சொல்ல முடியும்லா?"

"முப்பத்தஞ்சு பேருக்கும் எந்தப் பள்ளிக்கூடம் சார் போட?"

"பக்கத்துல இருக்கது அந்த ஒரு உயர்நிலைப் பள்ளிதான? அதையே போடும்."

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத் தகட்டில் படிவத்தை வைத்து, முப்பத்தைந்து பிள்ளைகளை இரண்டு இலக்கங்களாக எழுதி, பொறுப்பாசிரியருக்குப் பதிலாக என்று கையெழுத்துப் போட்டேன். வெயிலில் தகடு சுட்டது. சீக்கிரம் எழுதி முடித்தால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

டீச்சர் மூன்று நாள் கழித்து வந்து நகலைப் பார்த்தார். நான் எதிரே நின்றேன். கிராம்பு நொறுங்கும், 'தாங்கள்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, "இவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் சார்?" என்று கேட்டார். நான் அந்த உயர்நிலைப் பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து தடவை சொன்னேன். அவர் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கிட்டங்கியைப் பூட்டினார்கள். அலுவலகத்தில் விழா நடத்தி எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். டீச்சர் வரவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த அன்று நான் கிட்டங்கியைத் திறந்து பழைய பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியின் பியூன் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "சார், ஒங்கள ஹெட்மாஸ்டர் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்றான்.

போனேன். வளைவுக்குள் நுழைந்ததுமே பார்த்தேன். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்து கொடிக்கம்பம் வரைக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தைந்து பேர். எண்ணெய் வைத்துத் தலை சீவி, கையில் சிலேட்டும் நோட்டுமாக. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பேச்சி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தாள். அறைக்குள் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் நான் கையெழுத்துப் போட்ட நகல்.

"ஐயா, இது அரசாங்கத் தாள். இந்த முப்பத்தஞ்சு பேரும் தங்கள் பள்ளியில சேர்ந்தாச்சுன்னு இதுல எழுதியிருக்கு. மேலிடம் வரைக்கும் போயாச்சு. பிள்ளைகள் வந்திருக்காங்க. எந்த வகுப்புல உக்காரணும்னு மட்டும் சொல்லுங்க."

"எவன் சேர்த்தான்? நான் சேர்க்கல" என்று தலைமையாசிரியர் கத்தினார்.

"அப்போ இந்தத் தாள் பொய்னு ஒரு வரி எழுதித் தாங்க. நான் போயிருதேன்."

தலைமையாசிரியர் ஏற்கெனவே திட்ட அலுவலருக்குப் போன் பேசியிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்து, எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள், பொய் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. கடைசி முயற்சியாகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"இது ஒம்ம கையெழுத்தா வே?"

"ஆமா சார்."

"இதுல எழுதியிருக்கது உண்மையா?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மை சார்" என்றேன்.

தலைமையாசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் அன்றைக்குத் தைரியமாக நடந்துகொண்டேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது சரியில்லை. பொய் என்று சொல்லியிருந்தால் முதலில் மாட்டுபவன் நான்தான். பயத்தில் ஒரு பொய் சொன்னேன், அதே பயத்தில் அதை இரண்டாம் தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அது பிள்ளைகளுக்கு உதவியது என்றால் அது டீச்சருடைய வேலை. நான் அவர்களை விற்ற தாளையே அவர் அவர்களுக்கு நுழைவுச் சீட்டாக்கிவிட்டார்.

சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பறையில் இல்லை, சைக்கிள் கொட்டகையில். தனி வருகைப் பதிவேடு. மற்றப் பிள்ளைகள் அவர்களைப் 'பீடி செட்' என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர்களும் கூப்பிட்டார்கள். அரைப் பரீட்சைக்குள் பதின்மூன்று பேர் நின்றுவிட்டார்கள். படிப்பு வராமல் நின்றதாக அங்கே எழுதிக்கொண்டார்கள். கொட்டகையில் மழைக்கு ஒதுங்க இடமில்லை என்று எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

எனக்கு மறுவருஷம் களக்காட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. டீச்சருக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தார். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் கையில் பெயர்ப் பட்டியலோடு அந்தத் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நிற்பார் என்று கேள்விப்பட்டேன். எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஒன்பதுக்கு வந்தபோது நின்றார். ஒன்பதில் மூன்று பேருக்கு மாற்றுச் சான்றிதழை எழுதி வைத்திருந்தபோது, அதை வாங்க விடாமல் அந்தத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பேச்சியின் அம்மாதான் எல்லாருக்கும் முன்னால் நின்றாளாம். மூன்று வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பஸ் அந்த ஊரைத் தாண்டும்போது மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

பீடி செட்டில் முதல் ஒன்பது பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், ரிசல்ட் வந்த அன்று என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. போனேன். ஆறு பேர் தேறியிருந்தார்கள். மூன்று பேர் தோற்றிருந்தார்கள். மூவருக்கும் கணக்கு. அதில் பேச்சியும் ஒருத்தி. தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று யாரிடமோ, "இத்தன வருஷப் பேரு போச்சு, இத்தன வருஷப் பேரு போச்சு" என்று மாரில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறு பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பீடித் தூளில் இருமிக்கொண்டே படித்துத் தேறிய ஆறு பேர் அவருக்குக் கண்ணில் படவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் என்று நான் படியேறினேன்.

"சார்" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. டீச்சர். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் பேச்சி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"அவருட்ட என்ன சண்ட? அது நான் பாத்துக்கிடுதேன். இவங்க மூணு பேரும் செப்டம்பர்ல திரும்ப எழுதணும். நீங்க கணக்கு சார்தான? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு பயிலகத்துக்கு வாங்க. ஏழுன்னா ஏழு."

மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறோம். நலம் விசாரிக்கவில்லை. பேச்சியைக் கூட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

ஏழு மணிக்குப் போனேன். தட்டச்சு இயந்திரங்களை ஓரமாகத் தள்ளி, மூன்று பெண்களையும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். பேச்சிக்கு எண் என்றால் நெருப்பு மாதிரி ஓடும். ஆனால் தேற்றம் வராது. முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சமமா இருக்கது கண்ணுக்கே தெரியுதே, அத எதுக்கு சார் நிரூபிக்கணும்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது என்று யோசித்துச் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்து மேஜையில் யாருடைய விண்ணப்பத்தையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், எம்மேல ஒங்களுக்குக் கோவம் இல்லையா?"

அவர் விரல்கள் நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இருக்கு சார். அது அதுபாட்டுக்கு இருக்கும். நீங்க தேற்றத்த நடத்துங்க."